காடு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம்

புது வீடு கட்டுகிறவர் நிலைவாசலுக்கு மரம் எடுக்க மரக்கடைக்குப் போகிறார். தேக்கு வேண்டும் என்கிறார். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தேக்கு சார்?" பர்மா, கானா, ஈக்வடார், பனாமா, கோஸ்டாரிகா என்று அவர் அடுக்க ஆரம்பிப்பார். கூட வந்த ஆசாரி ஒரு கட்டையின் வெட்டுமுகத்தைத் தடவுவார், ரேகையைப் பார்ப்பார், நகத்தால் கீறி முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பக்கத்து அடுக்கில் ஜன்னல் சட்டத்துக்கு மலேசியன் சால். வெளியே வெயிலில், பெட்டி அடிக்கிறவர்களுக்காக நியூசிலாந்து பைன். ஒரு கன அடிக்கு விலை பேசி முடிப்பதற்குள் நாலு கண்டத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

தேக்கு நம் மண்ணின் மரம். மேற்குத் தொடர்ச்சி மலை தொடங்கி பர்மா, தாய்லாந்து, லாவோஸ் வரைதான் அது இயற்கையாக வளரும். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலை இறங்கினால் வரும் நிலம்பூரில், 1840களிலேயே வெள்ளைக்காரர்கள் தேக்குத் தோட்டம் போட்டார்கள். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்வார்கள். பனாமாவிலோ கானாவிலோ தேக்கு இருந்ததே இல்லை. ஆசியாவிலிருந்து விதையாகப் போனது, இன்று கட்டையாகக் கப்பலேறித் தூத்துக்குடிக்கும் காண்ட்லாவுக்கும் திரும்பி வருகிறது. வீட்டுப் பக்கத்திலேயே காடு இருக்க, மரம் ஏன் கடல் தாண்டி வருகிறது?

உலகம் முழுக்கவே இப்படித்தான். காடு இருக்கும் இடம் ஒன்று, மரம் வரும் இடம் வேறொன்று.

இரண்டு பேரேடுகள்

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உலகக் காடுகளைக் கணக்கெடுக்கிறது. அதன் 2020 அறிக்கைப்படி பூமியில் 406 கோடி ஹெக்டேர் காடு. நிலப்பரப்பில் 31 சதவீதம். இதில் பாதிக்கு மேல் ரஷ்யா, பிரேசில், கனடா, அமெரிக்கா, சீனா ஆகிய ஐந்தே நாடுகளில் இருக்கிறது. ரஷ்யாவிடம் மட்டும் 81 கோடி ஹெக்டேர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. கண்டங்களாகப் பிரித்தால் ரஷ்யாவைச் சேர்த்த ஐரோப்பாவுக்கு நூற்றுக்கு 25, தென் அமெரிக்காவுக்கு 21, வட, மத்திய அமெரிக்காவுக்கு 19, ஆப்பிரிக்காவுக்கு 16, ஆசியாவுக்கு 15. மிச்சம் ஆஸ்திரேலியா பக்கம்.

மரத்தின் கணக்கைப் புரட்டினால் படம் மாறிவிடுகிறது. உலகில் ஆண்டுக்கு வெட்டப்படும் மரம் ஏறத்தாழ 400 கோடி கன மீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி விறகாகவும் கரியாகவும் எரிந்துபோகிறது. மற்றப் பாதிதான் பலகை, ப்ளைவுட், காகிதக்கூழ், கம்பம் என்று தொழிலுக்குப் போகிறது. அந்தத் தொழில்மரத்தில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை, ரஷ்யாவைச் சேர்த்த ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் தருகின்றன. உலகக் காட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருக்கும் தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் சேர்ந்து தருவது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

சரி, காடு எங்கே அதிகம் அழிகிறது? அதே தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும். 2010 முதல் 2020 வரை, புதிதாக வளர்ந்ததைக் கழித்த பிறகும், ஆப்பிரிக்கா ஆண்டுக்கு 39 லட்சம் ஹெக்டேரையும் தென் அமெரிக்கா 26 லட்சம் ஹெக்டேரையும் இழந்தன. லாரி லாரியாக மரம் வெட்டும் ஐரோப்பாவில் காட்டின் பரப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நிறைய வெட்டினால் காடு வளரும்போல" என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. 'காடு' என்ற சொல்லில் கொஞ்சம் சூது இருக்கிறது. அரை ஹெக்டேர் நிலம், ஐந்து மீட்டர் உயரத்துக்கு வளரக்கூடிய மரங்கள், பத்து சதவீத நிழல் இருந்தால் அந்த அமைப்பின் பேரேட்டில் அது காடு. ரப்பர் தோட்டம் காடு. கிறிஸ்துமஸ் மரம் வளர்க்கும் தோட்டமும் காடு. எண்ணெய்ப்பனைத் தோப்பு மட்டும் காடில்லை, அது விவசாயம். நேற்று மொட்டையாக வெட்டப்பட்ட நிலமும், மறுபடி மரம் வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தால், காடுதான். அமேசானில் புலி போன்ற ஜாகுவார் திரியும் நிலமும் ஸ்வீடனில் கட்டைகளாக நிற்கும் மொட்டை நிலமும் ஒரே பத்தியில் கூட்டப்படுகின்றன.

நூறு வருஷப் பயிர்

அந்த ஸ்வீடனையே பார்க்கலாம். நாட்டின் நிலத்தில் 69 சதவீதம் காடு, 2.8 கோடி ஹெக்டேர், தமிழ்நாட்டைப்போல் இரண்டு மடங்கு. உலகக் காட்டில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் உலகச் சந்தையில் கைமாறும் பலகை, கூழ், காகிதத்தில் பத்தில் ஒரு பங்கு அங்கிருந்து போகிறது. பைன், ஸ்ப்ரூஸ், பிர்ச் என்று முக்கியமான மரம் மூன்றே வகை. காட்டில் சரிபாதி, குடும்பங்களின் சொந்த நிலம். தாத்தா நட்டதைப் பேரன் வெட்டுவது அங்கே பழமொழியில்லை, வருமானத் திட்டம். நட்டு முப்பது வருஷத்தில் முதல் களை: நோஞ்சான் மரங்களை எடுத்துக் கூழ் ஆலைக்கு அனுப்புவார்கள். இன்னொரு முறை கலைத்துவிட்டு, தெற்கில் எழுபது, வடக்கில் நூறு வருஷம் காத்திருந்து மொத்தமாக அறுவடை. ஒரே ஓர் ஆள் உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் மரத்தைப் பிடித்து, அறுத்து, கிளை சீவி, அளவு பார்த்துத் துண்டு போடும். ஒரு மரத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அடிமரம் அறுவை ஆலைக்கு, நுனி கூழுக்கு, பட்டை கொதிகலனுக்கு. எதுவும் வீணில்லை.

ஸ்வீடன்காரர்கள் பிறவியிலேயே மரத்தின் மீது பாசம் கொண்டவர்கள் என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்பு உலைக்குக் கரியாகவும், கப்பலுக்குத் தாராகவும், இங்கிலாந்துக்குப் பலகையாகவும் காட்டைக் கரைத்தவர்கள்தான். பயந்துபோய் 1903ல் ஒரு சட்டம் போட்டார்கள்: வெட்டினால் மறுபடி மரம் வளர்த்தாக வேண்டும். 1923ல் நாடு முழுக்க மரக் கணக்கெடுப்பு தொடங்கியது. பின்லாந்து அதற்கு இரண்டு வருஷம் முன்பே தொடங்கியிருந்தது. இன்று ஸ்வீடன் காடுகளில் நிற்கும் மரத்தின் கன அளவு நூறு வருஷத்துக்கு முன் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஒரே வயது, ஒரே இனம், ஒரே உயரம் என்று நிற்கும் மரங்கள் புயலுக்குத் தாக்குப்பிடிக்காது. 2005 ஜனவரியில் வீசிய குத்ரூன் புயல், தெற்கு ஸ்வீடனில் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. நாடு முழுக்க ஒரு வருஷம் வெட்டும் அளவு ஒரே ராத்திரியில் தரையில் கிடந்தது. வடக்கே கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடியினர் (பெயர்தான் சாமி, அவர்கள் முறையிடும் சாமி வேறு) முதிய மரங்களில் தொங்கும் பாசியை நம்பியிருப்பவர்கள். பனிக்காலத்தில் மான்களுக்கு அதுவும் முக்கியமான தீனி. பயிராக வளர்த்து வெட்டும் மரத்தில் அந்தப் பாசி வேண்டிய அளவு படர்வதில்லை. பின்லாந்திலோ இன்னொரு சிக்கல்: நிலத்தில் முக்கால் பங்கு காடாக இருந்தும், 2021ல் அந்த நாட்டின் நிலமும் காடும் சேர்ந்து உறிஞ்சிய கரியமில வாயுவைவிட வெளியிட்டதே அதிகம் என்று அந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறையே சொன்னது. வெட்டும் வேகம் கூடியதும், வடிகால் வெட்டிக் காயப்போட்ட சதுப்பு நிலங்களும் காரணம்.

இருபத்தெட்டு வருஷ அவசரம்

நூறு வருஷம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு நியூசிலாந்து. ரேடியேட்டா பைன் கலிபோர்னியாக் கடற்கரையில் ஒரு சின்ன மூலையில் வளரும் மரம். சொந்த ஊரில் கோணல்மாணலாக வளரும் அதை நியூசிலாந்தில் நட்டால் அம்புபோல நிமிர்ந்து, 28 வருஷத்தில் அறுவைக்கு வந்துவிடுகிறது. பொருளாதார மந்தம் வந்த 1920, 30களில் வேலையில்லாதவர்களை வைத்து ஆயிரக்கணக்கான ஏக்கர் நட்டார்கள். இன்று சுமார் 17 லட்சம் ஹெக்டேர் தோட்டத்தில் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி கன மீட்டர் மரம் அறுவடையாகிறது. பெரும்பகுதி உருட்டுக்கட்டையாகவே சீனாவுக்குப் போகிறது. நாட்டின் சொந்தக் காடான எண்பது லட்சம் ஹெக்டேரில் கிட்டத்தட்ட யாரும் கை வைப்பதில்லை.

காடு வேறு, மரப்பயிர் வேறு என்று இவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்த நாடு வேறு இல்லை. பாராட்டலாம். ஆனால் 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயல் வந்தபோது, கிழக்குக் கரையில் மலைச்சரிவுத் தோட்டங்களில் வெட்டிவிட்டுப் போட்ட கிளையும் தடியும் ஆற்றோடு வந்து பாலங்களில் மோதின. கடற்கரை முழுக்க மரக்குப்பை. மொட்டையடித்த சரிவில் மண் நிற்காது என்பது நீலகிரியில் மழைக்காலம் பார்த்த எவருக்கும் தெரியும்.

பிரேசில் இன்னும் அவசரக்காரர். ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் அங்கே ஆறேழு வருஷத்தில் கூழுக்கு வெட்டத் தயார். நட்ட தோட்டங்கள் பிரேசில் காட்டுப்பரப்பில் நூற்றுக்கு இரண்டுதான், ஆனால் தொழில்மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த இரண்டிலிருந்து வருகிறது. உலகிலேயே அதிகமாகக் கூழ் ஏற்றுமதி செய்யும் நாடு இன்று பிரேசில்தான். அப்படியானால் அமேசான் எதற்காக அழிகிறது? பெரும்பாலும் மாட்டுக்காக. மேய்ச்சல் நிலம் வேண்டும், பிறகு சோயா. உயர்ந்த விலை மரத்தை முதலில் திருட்டாக எடுத்துவிட்டு மற்றதைக் கொளுத்துவது வழக்கம். அந்த மரம் வழிச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். உலக அளவில் காடழிப்பில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதத்துக்குக் காரணம் விவசாயமும் மேய்ச்சலும் என்கிறது அதே உணவு, வேளாண்மை அமைப்பு. ரம்பத்தைத் திட்டுகிறோம்; காட்டை விழுங்குவது ஏரும் மாடும்.

மூட்டையில் போகும் காடு

காங்கோ ஜனநாயகக் குடியரசிடம் 12.6 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது. நியூசிலாந்தின் பைன் தோட்டத்தைப்போல் எழுபது மடங்குக்கு மேல். அங்கிருந்து கணக்கில் வரும் தொழில்மரமோ நியூசிலாந்தினுடையதில் ஒரு சிறு பங்கு. வெப்பமண்டலக் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு நூறு வகைக்கு மேல் மரம் நிற்கும். சந்தையில் விலைபோவது அதில் நாலைந்து. ஒரு ஹெக்டேரில் ஒன்றிரண்டு மரத்தை எடுக்கப் பல நூறு கிலோமீட்டர் பாதை வெட்ட வேண்டும். ஆற்றில் மிதக்கவிட்டு, ரயிலேற்றி, துறைமுகம் சேர்ப்பதற்குள் மரத்தின் விலையைப் போக்குவரத்தே தின்றுவிடும். சைபீரியாவிலும் இதே கதைதான், அங்கே சூட்டுக்குப் பதில் பனி. நிரந்தரமாக உறைந்த மண்ணில் லார்ச் மரம் நின்றுகொண்டிருக்கும். போய் எடுத்துவரச் சாலை இருக்காது.

காங்கோவில் பாதை போட்டு மரம் எடுத்தவர் போய்விடுவார். பாதை அங்கேயே இருக்கும். அதன் வழியாகக் குடும்பங்கள் போகும், காட்டைச் சுட்டு மரவள்ளி போடும், மிச்ச மரத்தைக் கரிமூட்டம் போடும். கின்ஷாசா நகரத்தில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல். அவர்களின் சமையலுக்குப் பெரும்பாலும் 'மக்காலா' என்று அவர்கள் சொல்லும் மரக்கரிதான். வெகுதூரத்திலிருந்து மூட்டை மூட்டையாக லாரியிலும் படகிலும் வருகிறது. இத்தனைக்கும் காங்கோ ஆற்றில் இங்கா அணைகள் 1972லிருந்தும் 1982லிருந்தும் மின்சாரம் எடுக்கின்றன. நாட்டில் ஐந்தில் ஒருவர் வீட்டுக்குத்தான் மின்சாரம் எட்டியிருக்கிறது. ஆப்பிரிக்கா முழுவதிலும் வெட்டப்படும் மரத்தில் ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் எரிபொருள். மரக் கதவையும் காகிதத்தையும் பற்றி நாம் பேசுகிற பேச்சு அங்கே செல்லாது. அங்கே மரம் என்றால் மதியச் சோறு.

பக்கத்தில் இருக்கும் காபோன் சின்ன நாடு, பத்தில் ஒன்பது பங்கு காடு. 2010ல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியது. ஒகூமே மரத்தை உங்கள் ஊருக்குக் கொண்டுபோய் ப்ளைவுட் ஆக்க வேண்டாம், இங்கேயே ஆலை போடுங்கள் என்றது. புத்திசாலித்தனமான காரியம்.

வெட்டு நின்ற இடமும் விழுந்த இடமும்

இந்தக் கணக்கில் என்னை மிகவும் யோசிக்கவைத்த நாடு ஜப்பான். அங்கே நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு. இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் பணக்கார நாட்டில் அது அதிசயம். போரில் கரைந்த மலைகளில் 1950, 60களில் சுகி, ஹினோகி மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். மொத்தத் தோட்டம் சுமார் ஒரு கோடி ஹெக்டேர். மரம் முற்றுவதற்குள் வீடு கட்ட அவசரம் வந்துவிட்டது. 1964ல் மர இறக்குமதிக்குக் கதவு முழுதாகத் திறந்தது. பிலிப்பைன்ஸின் லவான் மரம் கப்பல் கப்பலாக வந்தது. அங்கே தீர்ந்ததும் மலேசியாவின் சபா, இந்தோனேசியாவின் காலிமந்தான். இந்தோனேசியா 1985ல் கட்டை ஏற்றுமதியைத் தடுத்ததும் மலேசியாவின் சரவாக். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது எழுபது சதவீதம் காடாக இருந்த பிலிப்பைன்ஸில் இன்று நாலில் ஒரு பங்குதான் மிச்சம். ஒருகாலத்தில் உலகத்துக்கே மரம் விற்றவர்கள் இப்போது மரம் வாங்குகிறார்கள்.

ஜப்பானின் சொந்த மரம்? 2002ல் அதன் தேவையில் ஐந்தில் ஒரு பங்குகூட உள்நாட்டிலிருந்து வரவில்லை. வெட்டுவாரில்லாமல் முற்றிய சுகி மரங்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் மகரந்தத்தை மேகம்போலக் கிளப்புகின்றன. பத்தில் நாலு பேருக்குத் தும்மல், கண் எரிச்சல். 2023ல் அரசாங்கமே பத்து வருஷத்தில் சுகித் தோட்டத்தில் இருபது சதவீதத்தைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. தன் மரத்தால் தும்மிக்கொண்டே அயலான் காட்டை வாங்கிய நாடு.

சீனாவும் இதே வழியில்தான் போனது. 1998ல் யாங்சி வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு மலைக்காடுகளில் வெட்டு நிறுத்தப்பட்டது. 2017ல் இயற்கைக் காடு முழுவதிலும் வணிக வெட்டுக்குத் தடை. 1990ல் 16 கோடி ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த காடு 2020ல் 22 கோடி. அதே காலத்தில் உலகத்திலேயே அதிகமாக உருட்டுக்கட்டை வாங்கும் நாடாகவும் அது ஆனது. ரஷ்யா, பர்மா, பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், நியூசிலாந்து எல்லாம் அதன் மரக்கடை ஆயின. அமெரிக்காவில் 1990ல் ஒரு புள்ளி ஆந்தைக்காக வடமேற்கின் அரசுக் காடுகளில் ரம்பம் அடங்கியது. அமெரிக்கா மரம் வெட்டுவதைக் குறைத்துக்கொண்டதா? வெட்டு தெற்கு மாநிலங்களின் தனியார் பைன் தோட்டங்களுக்கும் கனடாவுக்கும் இடம் மாறியது.

காட்டைக் காப்பாற்றியதை அந்தந்த நாட்டுப் பேரேட்டில் வரவு வைக்கிறார்கள். செலவு எழுதப்படுவது இன்னொரு நாட்டின் பேரேட்டில். பிலிப்பைன்ஸின் லவானை ஜப்பானின் கணக்கில் ஏற்றும் அறிக்கையை நான் இதுவரை பார்க்கவில்லை.

கூடலூரிலிருந்து

நம் கதையும் இதில் சேர்ந்ததுதான். நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, ஒருகாலத்தில் தன் குடும்பத்திடம் இருந்த கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதைக் கண்டு 1995ல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12ஆம் தேதி வந்த உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. அகராதியில் காடு என்றால் என்னவோ அதெல்லாம் காடு, யாருடைய நிலமாக இருந்தாலும் சரி என்றது நீதிமன்றம். நாடு முழுக்க வெட்டு முடங்கியது. வடகிழக்கில் ப்ளைவுட் ஆலைகள் மூடின. அந்த உத்தரவு இல்லாவிட்டால் எத்தனை மலை மொட்டையாகியிருக்கும் என்பதை நினைத்தால், அதைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் வீடு கட்டுவதை நீதிமன்றம் நிறுத்தவில்லை. மரம் பர்மாவிலிருந்து வந்தது. 2014 ஏப்ரலில் பர்மா கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதும் கானாவும் ஈக்வடாரும் பட்டியலில் முன்னுக்கு வந்தன. மரக்கடைக்காரர் சொன்ன வரிசைக்குப் பின்னால் இருப்பது இந்தச் சரித்திரம்தான்.

இன்னொரு பங்கு மரம் வந்தது வயலிலிருந்து. இந்திய வன அளவை நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி நாட்டில் காட்டுப்பரப்பு 21.76 சதவீதம், 1988 வனக் கொள்கை சொன்ன மூன்றில் ஒரு பங்குக்கு இன்னும் வெகுதூரம். காட்டுக்கு வெளியே, வரப்பிலும் தோப்பிலும் நிற்கும் மரங்களிலிருந்து ஆண்டுக்கு 9.15 கோடி கன மீட்டர் தொழில்மரம் கிடைக்கக்கூடும் என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. ஹரியானாவின் யமுனாநகரில் ப்ளைவுட் ஆலைகள் ஓடுவது கோதுமை வயலில் நட்ட பாப்லர் மரத்தால். நம்மூரில் கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்காரர்கள் கன்று தேர்ந்து கொடுத்து, ஆலைகளோடு ஒப்பந்தம் போட வைத்து, மலைவேம்பையும் சவுக்கையும் பயிராகவே மாற்றியிருக்கிறார்கள். கரும்புச் சக்கையில் காகிதம் செய்யத் தொடங்கிய புகளூர் ஆலையும் இன்று சவுக்கும் தைலமரமும் வாங்குகிறது.

அந்தச் சவுக்குத் தோப்பு ஒரு ஹெக்டேருக்கு மேல் இருந்து நிழலும் விழுந்தால், செயற்கைக்கோள் படத்தில் அதுவும் பச்சைதான், காட்டுப்பரப்பில் சேர்ந்துவிடும். நாலாவது வருஷம் லாரி வந்து கட்டையை ஏற்றிக்கொண்டு போனதும் அந்தப் பச்சை மறையும். தோப்புக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. டன்னுக்கு என்ன விலை போட்டார்கள் என்று சீட்டைப் பார்ப்பார். வேரைப் பிடுங்க ஜேசிபிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பார். பிறகு வரப்பில் நின்று, அடுத்தது மறுபடியும் சவுக்கா, இல்லை மணிலாக்கொட்டைக்கே திரும்பிவிடலாமா என்று யோசிப்பார்.